வாசிப்பும் வாக்குச்சீட்டும்: அமெரிக்க நூலகங்களின் நாவற் சுற்றுப்போட்டிகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

1

இலக்கியத்தின் பெறுமதியைத் தீர்மானிப்பவர் யார் என்னும் வினா விமர்சன வரலாற்றிலே பழையது. ரசனைமுறை விமர்சகர் அவ்வதிகாரத்தைப் பண்பட்ட உள்ளம் படைத்த சிலரிடம் ஒப்படைத்தனர். சந்தை அதனை விற்பனைப் பதிவேட்டிடம் ஒப்படைத்தது. இவ்விரண்டுக்கும் மாற்றாக, வாசகரே தீர்மானிக்கட்டும் என்னும் குரல் அண்மைக் காலங்களில் ஓங்கி ஒலித்து வருகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் பொது நூலகங்களிலும் பாடசாலை நூலகங்களிலும் கட்டிளம் பருவத்தினருக்கென நடத்தப்படும் நாவற் சுற்றுப்போட்டிகள் அக்குரலின் தெளிவான வடிவங்களுள் ஒன்று.

போட்டியின் அமைப்பு எளிமையானது. பதினாறு அல்லது முப்பத்திரண்டு நாவல்கள் தெரிவு செய்யப்பட்டு இரண்டிரண்டாகச் சோடி சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு சோடியிலும் தமக்குப் பிடித்த நாவலுக்குப் பதின்ம வயதினர் வாக்களிப்பர். தோற்றது வெளியேற, வென்றது அடுத்த சுற்றுக்குச் செல்லும். ஈற்றில் எஞ்சும் ஒரு நாவல் அவ்வாண்டின் வெற்றி நூலாக அறிவிக்கப்படும். நூலகச் சுவரிலே தொங்கும் கிளைப்படத்தில் வாராவாரம் பெயர்கள் குறைந்துகொண்டு செல்லும்.

இதனைச் சிறுபிள்ளை விளையாட்டு என ஒதுக்கிவிடலாமன்றோ எனச் சிலர் கருதலாம். அவ்வாறு ஒதுக்குவது தவறு. நாவலின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் சமூக மாற்றத்தோடும் வாசகர் கூட்டத்தோடும் இயைத்து நோக்கவேண்டும் என்பதைத் தமிழ்ச் சூழலில் கைலாசபதி தமது 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்னும் நூலில் நிலைநாட்டினார். அந்நோக்கினை ஏற்றுக்கொள்ளும் எவரும், இளந்தலைமுறை நாவலை எதிர்கொள்ளும் நிறுவன வடிவங்களைப் புறக்கணிக்க முடியாது. ஒரு தலைமுறை எதனை வாசிக்கின்றது என்பதைப் போலவே, எந்த வடிவத்தினூடாகத் தனது தீர்ப்பை வெளியிட அதற்கு வாய்ப்பளிக்கப்படுகின்றது என்பதும் இலக்கியச் சமூகவியலின் பிரச்சினையாகும்.

வாக்குச்சீட்டு இளைஞரின் கையிற் கொடுக்கப்படுகின்றது. அதனைக் கொடுத்த கை எது? அதில் அச்சிடப்பட்ட பெயர்களை எழுதியவர் யார்? வாக்களித்தவரிடம் ஏனென்று கேட்பவர் உளரா? இம்மூன்று வினாக்களும் இங்கு ஆராயப்படுகின்றன.

2

முதலில் வடிவத்தை நோக்குவோம். நூலகத்தில் நடப்பினும் இது நூலகத்திற் பிறந்த வடிவமன்று. அமெரிக்கக் கல்லூரிகளுக்கிடையிலான ஆடவர் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டி 1939ஆம் ஆண்டு தொடங்கியது. 1985இல் அதிற் பங்குகொள்ளும் அணிகள் 64ஆகவும் 2011இல் 68ஆகவும் பெருகின. 'மார்ச் பித்து' என மக்கள் வழங்கும் இப்போட்டி ஒளிபரப்பு உரிமையாலும் விளம்பரத்தாலும் பந்தயத்தாலும் பெருவணிகமாயிற்று. நூலகங்களின் நாவற் போட்டிகள் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் நடைபெறுவதும், கிளைப்படம் அதே வடிவில் வரையப்படுவதும் இதன் காரணமாகவே.

விளையாட்டுக்கும் நூலகத்துக்கும் இடையில் ஓர் இடைநிலை வடிவமும் உண்டு. 'த மோர்னிங் நியூஸ்' என்னும் இணைய இதழ் 2005ஆம் ஆண்டு நாவல்களுக்கான சுற்றுப்போட்டி ஒன்றைத் தொடங்கியது. இலக்கியப் பரிசுகளின் போலிக் கம்பீரத்தை எள்ளி நகையாடும் தொனி அதற்கிருந்தது. 2009இல் நூலகர்களுக்கான 'ஸ்கூல் லைப்ரரி ஜேர்னல்' சிறுவர் நூல்களுக்கென அத்தகைய போட்டி ஒன்றை நடத்தியது. இவ்விரண்டிலும் ஒவ்வொரு சோடிக்கும் நடுவர் ஒருவர் இருந்தார். இரண்டு நூல்களையும் வாசித்து, ஒன்றை ஏன் தெரிந்தார் என்பதை அவர் எழுதவேண்டும். தீர்ப்பு ஒருதலைப்பட்சமாக இருக்கலாம்; ஆயின் காரணம் பகிரங்கமாக இருந்தது. அதனோடு வாசகர் விவாதிக்க முடிந்தது.

இதே வடிவம் பதின்ம வயதினருக்கான நூலகப் போட்டியாக மாறியபோது நிகழ்ந்தது கவனத்துக்குரியது. காரணங் கூறும் கடமை கழன்று வீழ்ந்தது; வாக்கு மாத்திரம் எஞ்சியது. வளர்ந்தோருக்கு விமர்சனம், இளையோருக்கு எண்ணிக்கை என்னும் பிரிவினை இங்கே தோன்றுகின்றது. இளையோரை மதிப்பதாகத் தொடங்கிய முயற்சி அவர்களிடம் காரணம் இருக்கக்கூடும் என்பதையே மறந்துவிட்டது.

எண்ணிக்கை நேர்மையானதாயினும் குறையேதுமுண்டா எனக் கேட்கலாம். 1785ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுச் சிந்தனையாளர் கொண்டோர்சே இவ்வினாவுக்கு விடை கண்டார். சம எண்ணிக்கை கொண்ட மூன்று வாசகர் குழுக்களைக் கற்பனை செய்வோம். முதற் குழு அ, ஆ, இ என்னும் நாவல்களை அதே வரிசையில் விரும்புகின்றது. இரண்டாவது குழுவின் வரிசை ஆ, இ, அ. மூன்றாவதின் வரிசை இ, அ, ஆ. இப்பொழுது அ என்பது ஆவை வெல்லும். ஆ என்பது இயை வெல்லும். ஆயினும் இ என்பது அவை வெல்லும். ஆகவே முதற் சுற்றில் மோதாது ஈற்றுச் சுற்றுக்குக் காத்திருக்கும் நாவலே வெற்றி நூலாகும். வாசகர் எவரும் தம் மனத்தை மாற்றவில்லை. சோடி சேர்த்தவரே முடிவை மாற்றிவிட்டார். பதினாறு நாவல்கள் பங்குகொள்ளும் போட்டியில் எட்டு நாவல்கள் வேறு ஒரேயொரு நாவலோடு மாத்திரம் ஒப்பிடப்பட்டு வெளியேறிவிடுகின்றன என்பதையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். மக்கள் விருப்பம் எனப்படுவதன் உள்ளே அட்டவணையாளரின் கை ஒளிந்திருக்கின்றது.

பியர் பூர்தியு 1973இல் வெளியான கட்டுரையொன்றிற் பொதுசன அபிப்பிராய வாக்கெடுப்புக்கள் மூன்று எடுகோள்களின் மேல் நிற்பதாக விளக்கினார். எல்லோராலும் அபிப்பிராயம் கொள்ள முடியும் என்பது ஒன்று. எல்லா அபிப்பிராயங்களும் சம பெறுமதியுடையன என்பது மற்றொன்று. கேட்கப்படும் வினாவே கேட்கத்தக்க வினா என்பதில் எல்லோரும் உடன்படுகின்றனர் என்பது மூன்றாவது. நாவற் போட்டியை இம்மூன்றின் வழி நோக்கின் மூன்றாவதே மிகவும் முக்கியமானது. 'இவ்விரண்டினுள் உனக்குப் பிடித்தது எது?' என்பது இலக்கியம் பற்றிக் கேட்கப்படக்கூடிய வினாக்களுள் மிகவும் வறியது. 'இந்நாவல் உனது உலகத்தைப் பற்றி உனக்கு என்ன சொல்லிற்று?' என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை. தம்முள் ஒப்பிடவியலாத படைப்புக்கள் எண்ணாக மாற்றப்பட்டு ஒப்பிடப்படுகின்றன. பயன்பெறுமதியைப் பரிவர்த்தனைப் பெறுமதி விழுங்கும் பண்டவுலகின் நியதியே இங்கும் செயற்படுகின்றது.

3

எனினும் வடிவத்தைக் கண்டிப்பதோடு நின்றுவிட்டால் நாம் இயந்திரப் பாங்கான விமர்சகராவோம். அமெரிக்க நூலகம் முரண்பாடுகள் நிறைந்ததொரு நிறுவனம். அதன் வரலாறு அதற்குச் சான்று பகரும்.

அன்ட்றூ கார்னகியின் நன்கொடையால் ஐக்கிய அமெரிக்காவில் 1,689 நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அதே கார்னகிக்குச் சொந்தமான பென்சில்வேனியா மாநிலத்து ஹோம்ஸ்ரெட் உருக்காலையில் 1892ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தைப் பிங்கர்ட்டன் கூலிப்படையும் மாநிலப் படையும் கொண்டு நிருவாகம் முறியடித்தது. தொழிற்சங்கம் சிதைந்தது; பன்னிரண்டு மணிநேர வேலைநாள் நிலைத்தது. ஆறு ஆண்டுகளின் பின்னர், 1898இல், அவ்வாலைத் தொழிலாளருக்கென நூலகம் திறக்கப்பட்டது. அதன் கூரையின் கீழ் இசையரங்கும் நீச்சற் குளத்தோடு கூடிய விளையாட்டுக் கழகமும் அமைந்தன. வாசிப்பும் விளையாட்டும் ஒரு கட்டடத்துக்குள் வந்தமை இன்றைய போட்டிகளுடன் தொடங்கியதன்று. நூல்களைக் கொடுத்த கையே அவற்றை வாசிப்பதற்கான நேரத்தைப் பறித்தது என்பதுதான் அக்கட்டடம் கூறும் வரலாறு.

மறுபுறத்தில், கட்டிளம் பருவ வாசகர் என்னும் ஒருவர் உளர் என்பதைச் சந்தைக்கு முன்னரே கண்டுகொண்டவர்கள் நூலகர்களே. நியூயோர்க் பொது நூலகம் 1929ஆம் ஆண்டு தொடக்கம் இவ்வயதினருக்கான நூற்பட்டியலை ஆண்டுதோறும் வெளியிட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பால்ற்றிமோர் நகரின் ஈனொக் பிராட் நூலகத்தைச் சேர்ந்த மார்கறெற் எட்வேட்ஸ் குதிரை வண்டியில் நூல்களை ஏற்றி வறிய தெருக்களுக்குக் கொண்டு சென்றார். பதின்ம வயதுப் பெண்களைக் குறிவைத்த 'செவன்ரீன்' என்னும் சஞ்சிகை தோன்றியது 1944இல். இவ்வயதினருக்கான நாவல் தனித்ததொரு பிரசுரத் துறையாக உருப்பெறுவதற்கு எஸ். ஈ. ஹின்ரனின் 'த அவுட்சைடர்ஸ்' (1967) வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்நாவலை எழுதத் தொடங்கியபோது ஆசிரியரும் பதின்ம வயதினரே. பொது நிறுவனம் உழைத்து உருவாக்கிய வாசகரைத் தனியார் மூலதனம் பின்னர் அறுவடை செய்தது எனலாம்.

அந்த வாசகரும் எல்லோருக்கும் பொதுவானவர் அல்லர். 1939ஆம் ஆண்டு வேர்ஜீனியாவின் அலெக்சாந்திரியா நகர நூலகத்தில் உறுப்புரிமை கேட்டு, மறுக்கப்பட, அமைதியாக அமர்ந்து வாசித்த ஐந்து கறுப்பின இளைஞர் கைது செய்யப்பட்டனர். 1961இல் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் வெள்ளையர் நூலகத்தில் வாசித்ததற்காக ரூகலூ கல்லூரி மாணவர் ஒன்பதின்மர் கைதாயினர். அமெரிக்க நூலகத்தின் கதவை அகலத் திறந்தது நன்கொடையாளரின் ஈகை மாத்திரமன்று. மூடிய கதவின் முன்னே அமர்ந்த இளைஞரின் போராட்டமுமாகும். அன்று அவ்விளைஞர் கேட்டது பிடித்த நூலுக்கு வாக்களிக்கும் உரிமையையன்று. வாசிக்கும் உரிமையையே கேட்டனர்.

4

அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளம் வயதினர் பிரிவு 2003 முதல் நடத்தி வந்துள்ள 'ரீன்ஸ் ரொப் ரென்' என்னும் வாக்கெடுப்பு இவ்விடத்தில் நமக்கு உதவும். இது விலகல் முறைப் போட்டியன்று. பத்து நூல்களின் பட்டியலைத் தேர்வது. 12 முதல் 18 வயது வரையானோர் இதில் வாக்களிப்பர். நூல்களை முன்மொழிவோரும் நூலகங்களிற் கூடும் இளையோர் குழுக்களே. இது பாராட்டத்தக்க முன்னேற்றம். ஆயின் அக்குழுக்கள் வாசிப்பவை பெரும்பாலும் பிரசுரகர்த்தர் வெளியீட்டுக்கு முன்னரே அனுப்பும் பிரதிகள் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

முதலிடம் பெற்ற சில நூல்களைக் காண்போம். 2007இல் ஸ்ரெஃபனி மேயரின் 'நியூ மூன்'. 2008இல் அவரது 'எக்லிப்ஸ்'. 2010இல் சுசான் கொலின்சின் 'கச்சிங் ஃபயர்'. 2012இல் ஜோன் கிறீனின் 'த ஃபோல்ற் இன் அவர் ஸ்ரார்ஸ்'. இந்நான்கினுள் முதல் மூன்றும் தொடர்நாவல்களின் இரண்டாம் அல்லது மூன்றாம் பாகங்கள். நான்கும் திரைப்படங்களாயின. தொடர்நாவல் என்பது முன்னரே திரட்டப்பட்ட வாசகர் கூட்டத்தோடு களத்தில் இறங்கும் நூல். தேர்தலிலே பணபலம் செய்வதை இங்கு முந்திய பாகத்தின் புகழ் செய்கின்றது.

இதனைக் கொண்டு இளைஞரின் ரசனை தாழ்ந்தது என முடிவு கட்டும் மேட்டுக்குடி விமர்சனத்தோடு நமக்கு உடன்பாடில்லை. 2010இன் வெற்றி நூலுக்கு முந்திய பாகமான 'த ஹங்கர் கேம்ஸ்' (2008) என்னும் நாவலை நோக்கின் நிலைமை எத்துணைச் சிக்கலானது என்பது புலனாகும். 'பசி ஆட்டங்கள்' எனத் தமிழிற் பொருள்படும் அந்நாவலின் நாடாகிய பானெம், செல்வம் கொழிக்கும் தலைநகரையும் அதற்காக உழைக்கும் பன்னிரண்டு மாவட்டங்களையும் கொண்டது. பழைய கிளர்ச்சிக்குத் தண்டனையாக, மாவட்டந்தோறும் ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இருபத்து நால்வர் சீட்டெடுப்பிலே தெரியப்பட்டு, ஒருவர் மாத்திரம் எஞ்சும் வரை ஒருவரையொருவர் கொல்லும் போட்டிக்கு அனுப்பப்படுகின்றனர். தலைநகர மக்கள் அதனைத் திரையிற் கண்டு களிக்கின்றனர். தமக்குப் பிடித்த போட்டியாளருக்குப் பரிசுப் பொருள்கள் அனுப்புகின்றனர். சீட்டில் இடம்பெறுவோரின் வயதெல்லை 12 முதல் 18 வரை. நூலக வாக்கெடுப்பின் வயதெல்லையும் அதுவே. இது தற்செயலாயினும் பொருள் பொதிந்த ஒற்றுமையாகும்.

நாவலில் வரும் ஒரு விவரம் ஊன்றி நோக்கத்தக்கது. சீட்டெடுப்பு எல்லோருக்கும் சமமானதெனக் கூறப்படுகின்றது. எனினும் வறிய பிள்ளைகள் தமது குடும்பத்துக்குத் தானியமும் எண்ணெயும் பெறுவதற்காகத் தமது பெயரை மேலதிகமாகச் சீட்டுப் பெட்டியில் இடலாம். இதனால் வறியவரின் பெயர் பலமுறை இடம்பெறுகின்றது. சட்டத்தின் முன் சமத்துவம், வாழ்க்கையின் முன் அசமத்துவம் என்னும் பூர்ஷ்வா சனநாயகத்தின் அடிப்படை முரண்பாட்டை ஒரு சீட்டுப் பெட்டியினுள் அடக்கிவிடுகின்றார் கொலின்ஸ். மற்றோரிடத்தில், கதைத்தலைவியாகிய கட்னிஸ், போட்டியில் இறந்த பதினொராம் மாவட்டத்துச் சிறுமியின் உடலைப் பூக்களால் அலங்கரிக்கின்றாள். அதற்குக் கைம்மாறாக அவ்வறிய மாவட்டத்து மக்கள் தமது காசைச் சேர்த்து அவளுக்கு ஒரு பாண் அனுப்புகின்றனர். பார்வையாளர் பரிசளிக்கும் வழிமுறையே ஒடுக்கப்பட்டோரின் ஒருமைப்பாட்டைக் காவிச் செல்லும் வழியாகத் திரும்புகின்றது. நாவலின் மிக உயர்ந்த கட்டம் இதுவே என்பது எமது கருத்து.

இந்நாவல்வரிசை குறையற்றதன்று. மூன்றாம் பாகமாகிய 'மொக்கிங்ஜே' (2010) கிளர்ச்சியின் தலைமையையும் பழைய ஆட்சியையும் ஒரே தராசில் நிறுத்தி, எல்லா அதிகாரமும் ஒன்றே என்னும் தாராளவாத அவநம்பிக்கையிற் சென்று முடிகின்றது. சமூக முரண்பாட்டைத் தெளிவாகக் கண்ட ஆசிரியர் அதன் தீர்வைத் தனிமனித ஓய்விலே தேடுகின்றார். இது அவரது வர்க்க நோக்கின் எல்லை. ஆனால் இத்தகைய விவாதத்துக்கு வாக்குச்சீட்டில் இடம் ஏது? போட்டி என்னும் வடிவத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் நாவலை இளைஞர் விரும்பி வாசித்தனர். அவ்விருப்பத்தினுள்ளே ஒரு விமர்சனம் உறைந்திருந்தது. அதனை நூலகம் மற்றுமொரு வாக்காக எண்ணி முடித்துக்கொண்டது.

5

இதற்கு மாற்று உண்டா? பிரான்சில் 1988ஆம் ஆண்டு தொடங்கிய 'உயர்பாடசாலை மாணவர் கொன்கூர் பரிசு' ஒப்புநோக்கத்தக்கது. கொன்கூர் அக்கடமி தனது பரிசுக்கென வெளியிடும் முதற் பட்டியலில் உள்ள ஏறத்தாழப் பதினைந்து நாவல்களை, ஐம்பதுக்கு மேற்பட்ட வகுப்புக்களைச் சேர்ந்த சுமார் 2,000 மாணவர் இரண்டு மாத காலத்தில் வாசிக்கின்றனர். பொதுக் கல்விப் பிரிவினர் மாத்திரமன்றித் தொழிற்கல்விப் பாடசாலை மாணவரும் இதில் அடங்குவர். வகுப்பில் விவாதம் நிகழ்கின்றது. பின்னர் வகுப்புப் பிரதிநிதிகள் பிரதேச மட்டத்திற் கூடுகின்றனர். ஈற்றில் றென் நகரிற் கூடி முடிவு செய்கின்றனர். வாக்கு இங்கும் உண்டு. ஆயின் அது விவாதத்தின் முடிவில் வருவது. தனது வகுப்பு ஒரு நாவலை ஏன் தெரிந்தது என்பதைப் பிறர் முன் எடுத்துரைக்க வேண்டிய கடமை ஒவ்வொரு பிரதிநிதிக்கும் உண்டு.

விளைவு என்ன? 2000ஆம் ஆண்டு மாணவர் தெரிந்தது லைபீரிய, சியராலியோன் போர்களிற் சிக்கிய சிறுவர் போராளியின் கதையைக் கூறும் ஐவரிகோஸ்ற் எழுத்தாளர் அஹ்மது குரூமாவின் நாவலை. 2016இல் புருண்டியையும் றுவாண்டா இனப்படுகொலையையும் பகைப்புலமாகக் கொண்ட கயெல் ஃபாயின் 'பெற்றி பேயி'. 2018இல் முதலாம் உலகப் போரிற் பிரெஞ்சுப் படையிற் பலியிடப்பட்ட செனெகல் வீரரைப் பற்றிய டேவிட் டியொப்பின் நாவல். 2020இல் கமரூன் நாட்டுப் பெண்களின் கட்டாய மணவாழ்வைச் சித்திரிக்கும் ஜைலி அமடூ அமாலின் நாவல். இந்நான்கு ஆண்டுகளிலும் அக்கடமியின் தெரிவு வேறாக இருந்தது. அக்கடமி தெரிந்தவை தாழ்ந்தவை என்பது இதன் பொருளன்று. 2018இல் அது பரிசளித்த நிக்கொலா மத்தியூவின் நாவல், ஆலைகள் மூடப்பட்ட கிழக்குப் பிரான்சின் தொழிலாளர் வீட்டு இளைஞரைப் பற்றியது. நாம் அவதானிக்க வேண்டியது இதுவே: காரணம் கூறுமாறு கேட்கப்பட்ட இளைஞர் கடினமான நூல்களிலிருந்து விலகி ஓடவில்லை. பழைய குடியேற்ற நாடுகளின் குரலைப் பலமுறை அவர்கள் செவிமடுத்தனர்.

இம்முயற்சியையும் இலட்சியமாக்க வேண்டுவதில்லை. பட்டியலைத் தயாரிப்போர் அக்கடமியின் பத்து உறுப்பினர். அப்பட்டியலிற் பெரும் பிரசுர நிறுவனங்களின் செல்வாக்கு நெடுங்காலமாக விமர்சிக்கப்பட்டு வந்துள்ளது. பரிசை அரசின் கல்வித் துறையோடு இணைந்து நடத்துவது ஃபினாக் என்னும் வணிக நிறுவனம். 1954இல் அதனை நிறுவிய இருவரும் தமது இளமையில் ட்ரொட்ஸ்கியவாத இயக்கத்திலிருந்தவர்கள் என்பது வரலாற்றின் நகைமுரண். மாணவருக்குப் பேசும் உரிமை கிடைத்தது. பட்டியலிடும் உரிமை கிடைக்கவில்லை. அமெரிக்க இளையோர் குழுக்களுக்கு முன்மொழியும் உரிமை ஓரளவு கிடைத்தது; பேசும் கடமை கிடைக்கவில்லை. இரண்டும் ஒன்று சேரும்போதே வாசகரின் தீர்ப்பு முழுமை பெறும்.

6

இதுவரை கூறியவை வாக்களிப்பின் உள்ளமைப்புப் பற்றியன. அதற்கு வெளியே நிகழ்வது இதனிலும் பாரதூரமானது.

2021ஆம் ஆண்டு தொடக்கம் அமெரிக்க நூலகங்களிலிருந்து நூல்களை அகற்றும் இயக்கம் முன்னொருபோதுமில்லாத வேகம் பெற்றது. அமெரிக்க நூலகச் சங்கத்தின் கணக்கின்படி 2023இல் ஆட்சேபிக்கப்பட்ட வெவ்வேறு நூல்கள் 4,240. அமெரிக்கப் பென் அமைப்பு 2023–24 கல்வியாண்டில் அரசுப் பாடசாலைகளில் 10,000க்கு மேற்பட்ட தடை நிகழ்வுகளைப் பதிவு செய்தது. கறுப்பின மக்களின் வாழ்வையும் பாற் சிறுபான்மையினரின் வாழ்வையும் பேசும் நூல்களே பெரிதும் இலக்காயின.

அஞ்சி தோமசின் 'த ஹேற் யூ கிவ்' (2017) இதற்கு ஏற்ற உதாரணம். நிராயுதபாணியான தனது நண்பன் பொலிசாராற் சுடப்படுவதைக் கண்ட பதினாறு வயதுக் கறுப்பினப் பெண் ஸ்ரார், சாட்சி சொல்லும் துணிவை மெல்ல மெல்லப் பெறுவதே அதன் கதை. அவளது தந்தை கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தின் பத்து அம்சத் திட்டத்தைப் பிள்ளைகளுக்கு மனனஞ் செய்விக்கின்றார். சட்டம் கைவிட்ட பின்னர் அவள் தெருவில் நின்று மக்களோடு பேசுகின்றாள். கட்னிசின் தனிமனிதத் தீர்வோடு ஒப்பிடுமிடத்து இங்கே சமூகத்தை நோக்கிய ஒரு படி முன்னே எடுத்து வைக்கப்படுகின்றது. இளம் வாசகரின் பேராதரவைப் பெற்ற இந்நாவல், பொலிசாருக்கு எதிரானது என்னுங் குற்றச்சாட்டுக்கும் ஆளாகி, அதிகம் ஆட்சேபிக்கப்பட்ட நூல்களின் பட்டியலிற் பலமுறை இடம்பெற்றது.

2024ஆம் ஆண்டு ஐடஹோ மாநிலத்தில் நடைமுறைக்கு வந்த சட்டமொன்று, சிறாருக்குத் தீங்கானதென ஆட்சேபிக்கப்படும் நூல்களை அறுபது நாள்களுள் இடம் மாற்றாத நூலகங்களின் மீது வழக்குத் தொடர வழி செய்தது. அங்கே ஒரு சிற்றூர் நூலகம் வயது வந்தோருக்கு மாத்திரமே அனுமதி என அறிவிக்க நேர்ந்தது. பதின்ம வயதினரைச் சுவரிலுள்ள கிளைப்படத்தில் வாக்களிக்க அழைக்கும் ஒரு நாட்டில், அவர்கள் வாசலைக் கடக்கவே முடியாத நூலகமும் தோன்றிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1971இல் வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைக்கப்பட்டது. அதற்குக் குறைந்தவர் இச்சட்டங்களை இயற்றுவோரைத் தெரியவோ நீக்கவோ இயலாது. நாவலுக்கான வாக்கு அவர்களுக்குண்டு. நூலகத்துக்கான வாக்கு இல்லை. இதுவே இப்போட்டிகளின் மையத்திலுள்ள முரண்பாடு.

ஒடுக்குமுறை ஒரு புறமிருக்க, மூலதனம் மறுபுறத்திற் குவிகின்றது. கே. கே. ஆர். என்னும் முதலீட்டு நிறுவனம் 2020இல் நூலகங்களுக்கு மின்னூல் வழங்கும் ஓவர்டிறைவ் நிறுவனத்தையும், 2023இல் 162 கோடி டொலருக்குச் சைமன் அன்ட் சூஸ்டர் பிரசுர நிறுவனத்தையும் வாங்கியது. நூலைப் பதிப்பதும் அதனை நூலகத்துக்கு வழங்குவதும் ஒரே உரிமையாளரின் கீழ் வந்துள்ள நிலையில், போட்டிப் பட்டியல் எங்கிருந்து தொடங்குகின்றது என்னும் வினா வெறும் கோட்பாட்டு வினா அன்று.

ஆயினும் முரண்பாடு உள்ள இடத்தில் எதிர்ப்பும் உண்டு. புறூக்ளின் பொது நூலகம் 2022ஆம் ஆண்டு, நாட்டின் எப்பாகத்திலும் வாழும் 13 முதல் 21 வயது வரையான இளைஞருக்கு இலவச மின்னூல் உறுப்புரிமை வழங்கத் தொடங்கியது. தமது ஊரிலே தடுக்கப்பட்ட நூலை அவர்கள் அதனூடாகப் பெற முடிந்தது. அங்கே எந்த வாக்கெடுப்பும் இல்லை. வெற்றி நூலும் இல்லை. வாசகரின் இறைமையை மெய்யாக மதித்த செயல் அதுவே.

7

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். நாவற் சுற்றுப்போட்டியை நடத்தும் நூலகரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. வரவுசெலவுத் திட்டத்தில் வெட்டு விழும் காலத்தில், நூலகத்துக்கு இளைஞர் வருகின்றனர் என்பதை எண்ணிக்கையாற் காட்டவேண்டிய நெருக்கடி அவர்களுக்குண்டு. விளையாட்டின் குதூகலம் தயங்கி நிற்கும் ஒருவனை ஒரு நாவலின் முதற் பக்கத்துக்கு அழைத்து வருமாயின் அதனை வரவேற்கலாம். எமது விமர்சனம் அந்த முதற் பக்கத்தோடு நின்றுவிடும் சனநாயகத்தைப் பற்றியது.

உற்பத்தி, நுகரப்படும் பொருளை ஆக்குவதோடு அமையாது நுகர்வோரையும் ஆக்குகின்றது என மார்க்ஸ் 1857இல் எழுதிய குறிப்புக்களில் விளக்கினார். கலைப்பொருள் தன்னை உணரத்தக்க மக்களை உருவாக்குகின்றது என்பதும் அவ்விடத்தில் அவர் கூறியதே. வாசிப்பின் வடிவங்களும் அவ்வாறே வாசகரை உருவாக்குகின்றன. இரண்டினுள் ஒன்றைத் தெரிந்து அடுத்ததற்குச் செல்லப் பழக்கும் வடிவம் நுகர்வோரை உருவாக்கும். ஏன் தெரிந்தாய் எனக் கேட்டு, மாற்றுக் கருத்துடையவனின் முன் பேசப் பழக்கும் வடிவம் விமர்சகரை உருவாக்கும். இளந்தலைமுறைக்கு எவ்வடிவத்தை அளிப்பது என்பது அரசியல் வினாவாகும்.

பட்டியலை அமைக்கும் உரிமை, நூலின் பிரதியைப் பெறும் வசதி, அதனை வாசிப்பதற்கான ஓய்வு, காரணம் கூறி விவாதிக்கும் களம், தடுக்கப்பட்ட நூலைத் தட்டிலே மீண்டும் வைக்கக் கோரும் பலம் ஆகிய ஐந்தும் இளைஞருக்குக் கிட்டுமாயின் ஈற்றில் வாக்கு எடுப்பதும் எடுக்காது விடுவதும் அவர்களது விருப்பம். அவையின்றி வழங்கப்படும் வாக்கு, ஹோம்ஸ்ரெட் தொழிலாளிக்கு வழங்கப்பட்ட நூலகத்தைப் போன்றது. கட்டடம் கம்பீரமானது; உள்ளே செல்லும் நேரத்தையும் அதிகாரத்தையும் வேறொருவர் வைத்திருக்கின்றார்.